சாட்சி சொன்னவளுக்கு ஒரு வீடு

"ஊழியம் எப்படிப் போகுது சிஸ்டர்?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போகிறது. பஸ் பிடித்துப் போகிறது, பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது, வீட்டுக்குத் திரும்பி வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் என்ன சொல்ல?

எங்கள் சபை ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. தகரக் கூரை, நல்ல மைக் செட். பெரும்பாலும் தெற்கத்தி ஆட்கள். கம்பெனி வேலைக்கு என்று வந்து, பிள்ளைகள் பிறந்து, ரேஷன் கார்டையும் மாற்றிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள். நானும் அப்படித்தான். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். ஒரே மாதிரிப் பொருளை நாளெல்லாம் கையில் எடுத்து, அளந்து, தேறும், தேறாது என்று பிரித்துப் போடுகிற வேலை.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சபைப் பெண்கள் சிலர் சேர்ந்து சூளகிரிக்குப் போவோம். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிறுத்துகிற காலி இடம் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் வரிசையாகப் பழைய அறைகள். லாரிக்காரர்களை நம்பிப் பிழைக்கிற பெண்கள் அங்கே இருப்பார்கள். அவர்களைப் பார்த்து, பேசி, ஜெபித்து, பன்னும் சோப்பும் வேத வசனம் அச்சடித்த கைப்பிரதியும் கொடுத்துவிட்டு வருவோம். எங்களை அவர்கள் 'பன் அக்காங்க' என்பார்கள். நாங்கள் வருவது தெரிந்தால் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். கண்ணை மூடச் சொன்னால் மூடுவார்கள். பன்னை வாங்கிக்கொண்டு கைப்பிரதியை மடித்து ஜன்னல் ஆடாமல் இருக்கச் செருகிவைப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, ஏதோ ஒன்றுக்காவது உபயோகப்பட்டதே.

எனக்கு எரிச்சல் தையல் மிஷின் மேல்தான். இந்த ஊழியத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மருந்து தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் முன்னால் தையல் மிஷின் வந்து இறங்கிவிடும். ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்து, ஒரு ஜெபம். ஊரில் இத்தனை பேர் தைத்தால் யார்தான் உடுத்துவது?

அவளை நான் முதலில் கவனித்ததே இந்த மிஷினால்தான். முப்பது வயதைத் தாண்டியவள், கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் அறையில் இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று நாங்கள் கொடுத்தது, இன்னொன்று வேறு ஏதோ சபை.

"தைக்கிறியா?" என்றேன்.

"எனக்கு ஊசில நூல் கோக்கவே வராதுங்கக்கா. ஒண்ணு மேல டிவி வச்சிருக்கன். இன்னொண்ணுல துணி காயப் போடறன்" என்றாள்.

"பின்னே என்னதான் வேணும்?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"ஒரு ஊடு வேணும். வாடகை நான் குடுத்துக்குவன். பாகலூர்ல பூ கம்பெனில வேல கேட்டு வச்சிருக்கன். எம் பொண்ண கூட்டிக்கினு வந்து வச்சிக்கற மாதிரி ஒரு ஊடு."

மகள் கிருஷ்ணகிரியில் ஒரு விடுதியில் தங்கி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த விடுதியில் எட்டாவதோடு சரி. லீவு விட்டால் அவளைக் கூட்டிப்போய் எங்காவது வைத்தாக வேண்டும். வேறு இடம் இல்லையென்றால் அம்மா வீடுதான். அங்கே இவளுடைய தம்பி கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அக்கா மகள், முறைப்பெண், யாரிடமும் கேட்க வேண்டியதுகூட இல்லை.

"அங்க போனா திரும்பி வராதுக்கா. தாலி கட்டித்தான் வெளியவே உடுவாங்க" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. முழுப் பரீட்சை லீவு விடுவதற்குள் ஒரு வீடு. இவ்வளவுதான் விஷயம். எனக்கு அன்று இது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. எங்கள் சபையிலேயே லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அவள் சொன்னபடியே சூளகிரியை விட்டு வந்தாள். பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காம்பு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை. தற்காலிகமாக, கூட வேலை செய்கிற பெண்களோடு ஒரு அறையில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு தெரியாவிட்டாலும் கை தட்டுவாள்.

நான் பாஸ்டரிடம் வீட்டுப் பேச்சை எடுத்தேன். பாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். சூளகிரியில் ஒருத்திக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். ஆனால் எதைச் சொன்னாலும் அவருக்கு அது ஞாயிறு ஆராதனையில் போய் முடிய வேண்டும்.

"கண்டிப்பா பாக்கலாம் சிஸ்டர். முதல்ல அவங்க சாட்சி சொல்லட்டும். சபைக்கு அவங்களத் தெரியட்டும். அப்புறம் கதவு தானா திறக்கும்" என்றார்.

எங்களில் யாருக்கு நன்மை நடந்தாலும் மைக் முன்னால் நின்று சொல்ல வேண்டும். வேலை கிடைத்தால் சாட்சி, காய்ச்சல் இறங்கினால் சாட்சி. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் காய்ச்சல் இறங்கியதைச் சொல்வதும் இதுவும் ஒன்றா?

"என்ன பாஸ்டர் இப்படிச் சொல்லுதீங்க? அவ வேலை பாக்குற ஊரு பக்கத்துலதான் இருக்கு. நம்ம ஆராதனை யூட்யூப்ல போவுது. நாலு பேரு பாத்தா அவ கதி என்ன?"

"பாவத்துக்குத்தான் சிஸ்டர் வெக்கப்படணும். விடுதலைக்கு ஏன் வெக்கப்படணும்?" என்றார் பாஸ்டரம்மா. அதற்கு ஆமென் என்று வேறு பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நான் அவளிடம் வேண்டாம் என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சொன்னா ஊடு குடுப்பாங்களாக்கா?"

"தெரியல. பாஸ்டர் அப்படித்தான் சொல்லுதாங்க."

"அப்ப சொல்லிடறன்."

சொன்னாள். கொஞ்சமாகத்தான் சொன்னாள். கஷ்டத்தில் இருந்தேன், தப்பான இடத்தில் இருந்தேன், இப்போது வேலைக்குப் போகிறேன், என் பெண்ணைப் படிக்கவைக்க வேண்டும் என்று முடிக்கப் பார்த்தாள். பாஸ்டர் விடவில்லை. எங்கே இருந்தீங்க, எத்தனை வருஷம், என்ன வேலைன்னு சபைக்குச் சொல்லுங்கம்மா, தேவனுக்கு மகிமையா இருக்கும் என்று மைக்கைத் திருப்பித் திருப்பி அவள் வாய்க்குக் கொண்டுபோனார். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சபையே அழுதது. ஒருவர் ஓடிப்போய் அவளுக்குச் சால்வை போர்த்தினார். சாயங்காலமே அந்தப் பகுதியைத் தனியாக வெட்டி, அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் 'அன்று சேற்றில், இன்று வெளிச்சத்தில்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதி யூட்யூபில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நான் எங்கள் மூப்பரைப் பார்க்கப் போனேன். சபையில் பாஸ்டருக்கு அடுத்தபடி அவர்தான். பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் லைன் வீடு கட்டி விட்டிருக்கிறார். கடைசி வீட்டில் டூலெட் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாட்சி அன்று கர்ச்சீப் நனைய அழுதவர் அவர்.

"நல்ல காரியம் சிஸ்டர். ஆனா பாருங்க, இங்க குடும்பங்க இருக்கு. அந்தக் கோடியில கம்பெனிப் பசங்க வேற இருக்கானுவ. அவங்க யாருன்னு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துட்டா சபைக்குத்தானே கெட்ட பேரு? நான் ஜெபிக்கிறேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தெரிய வைத்ததே நாம்தானே! அவளைத் தெரிந்தால் கதவு திறக்கும் என்று சொல்லித்தானே மைக்கைக் கொடுத்தோம்! இதை அப்படியே அவரிடம் கேட்டேன். அவர் டீ சாப்பிடுறீங்களா என்றார்.

வீடு வைத்திருந்த மற்ற விசுவாசிகளையும் பார்த்தேன். ஒருவருக்கு மருமகள் மாசமாக இருந்தாள். ஒருவருக்கு வயசுப் பையன். ஒருவர், வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ வீடு பார்க்க வந்தார்கள். போன இடமெல்லாம் எனக்காக ஜெபித்து அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் அத்தனை ஜெபம் வாங்கியவள் நானாகத்தான் இருப்பேன்.

"உங்க வீட்டுல வச்சுக்கலாமே சிஸ்டர்" என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்களே வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு சமையலறை. வளர்ந்த இரண்டு பையன்களும் நாங்களும் வரிசையாகப் படுத்தால் நடுவில் கால் வைக்க இடமிருக்காது. ஆனாலும் வீடு கிடைக்கிற வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அவளிடம் சொன்னேன். என் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, "வேணாங்கக்கா. உங்க ஊட்டுக்காரரு நல்லவரு. ஆனா நான் உள்ள வந்ததுலேர்ந்து செவுத்தப் பாத்துக்கினே இருக்காரு" என்று போய்விட்டாள். அன்று ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளவில்லை.

வீடியோவையாவது எடுத்துவிடுங்கள் என்று பாஸ்டரிடம் போய் நின்றேன். நம் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான், துபாயிலிருந்துகூட ஒரு சகோதரி கமெண்ட் போட்டிருக்கிறாள், எத்தனையோ ஆத்துமாக்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கிறது என்றார். மறுபடியும் போனேன். இன்னொரு தடவையும் போனேன். என்னைப் பார்த்தாலே செல்போனைக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

கடைசியில் வீட்டை அவளே பிடித்தாள். பாகலூரைத் தாண்டி ஒரு கிராமம். தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, கம்பெனி ஆட்களுக்காகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டியிருந்தார்கள். தனிப் பெண்ணுக்கு வீடு தரமாட்டோம், சொந்தக்காரங்க யாராவது வந்து பேசட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அக்கா என்று போனேன்.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. நெற்றியில் அகலமாகக் குங்குமப் பொட்டு. தலையில் பூ. கழுத்தில் மஞ்சள் கயிறு. எங்கள் சபைக்கு வர ஆரம்பித்ததும் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தாள். எடுக்கச் சொன்னவர்களில் நானும் உண்டு.

வீட்டுக்கார அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார், திருப்தியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும்தான் கை நின்றது. பொட்டில்லாத நெற்றி, தோடில்லாத காது, வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை.

"கூடப் பொறந்தவங்கன்னு சொல்றியே, இவங்க என்னா நெத்தியில ஒண்ணுமில்ல? ஊட்டுக்காரு இல்லியா?"

"இருக்காருங்க. அக்கா கல்யாணம் பண்ணி அந்தப் பக்கம் போயிடுச்சுங்க. நாங்கெல்லாம் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கறவங்கதாங்க" என்றாள், தயங்காமல்.

"பாரும்மா, எந்தச் சாமியக் கும்புட்டாலும் எனக்கொண்ணுமில்ல. ஆனா ஊட்டாண்ட கூட்டம் கூட்டி மைக்கு போட்டு ஜெபம் பண்றது, நோட்டீஸ் குடுக்கறது இதெல்லாம் ஆவாது. ஊருல நாலு பேரு கேப்பாங்க."

"யாரும் வரமாட்டாங்கம்மா" என்றாள் அவள். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும், "யாரும் வரமாட்டோம்மா" என்றேன். சாவி கிடைத்தது.

திரும்பி வரும் வழியில் வேலி ஓரமாக நடந்தோம். அவள் சந்தோஷமாக இருந்தாள். மகளுக்கு எந்த மூலையில் படிக்க இடம் போடுவது என்று பேசிக்கொண்டே வந்தாள். பஸ் நிறுத்தம் வந்ததும் நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் வராதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, சுருக்கென்றுதான் இருந்தது. "நான் வந்தா என்ன? ஜெபிக்கக் கூடாதா உனக்கு?"

"ஆண்டவரு கிட்ட நானே தெனமும் பேசறன்க்கா. அவரு வந்தா யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்க வந்தா ஊருக்கே தெரியும்" என்றாள். அதோடு, "போன்ல உங்க நம்பர அழிச்சுட்டன். எம் பொண்ணு எடுத்துப் பாக்குது" என்றாள்.

 பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். இத்தனை வருஷம் பன் சுமந்ததில் ஒருத்திக்கு உருப்படியாக நான் செய்யக்கூடியது அவள் பக்கம் போகாமல் இருப்பது. அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் கழித்து, என் கூட வேலை செய்கிறவள் வீட்டு விசேஷத்துக்காகப் பாகலூர் பஸ்ஸில் போனேன். ஓசூரில் சாமான் வாங்கிக்கொண்டு அவளும் மகளும் ஏறினார்கள். கூட்டம். மகள் என் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள். ஒல்லிப் பெண். மடியில் புதுப் புத்தகப் பை, அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்தாள்.

"எத்தனாவது படிக்கிற பாப்பா?" என்றேன், வழியில் பார்க்கிற யாரோ மாதிரி.

"ஒம்போதாவது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தாள்.

"அத வை" என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாக. "ஊட்டுக்காரம்மா மருமகளப் பாத்துக் கத்துக்கினியா? அது எந்நேரமும் யூட்யூப்ல கெடக்குது, பாட்டு, சாட்சி, சமையல்னு ஒண்ணு விடறதில்ல."

மகளைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சொன்னது. அந்த வீடியோ இன்னும் எங்கள் சேனலில்தான் இருந்தது. நான் இறங்குகிற இடம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். விட்டாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து காரியக் கமிட்டி உட்கார்ந்தது. நானும் பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் அதில் உண்டு. பாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், அந்தச் சாட்சி சொன்ன சகோதரி ஆராதனைக்கு வர்றதே இல்லியே. எங்க இருக்காங்கன்னு தெரியுமா? ஒருநாள் எல்லாருமா வேன் பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

எனக்கு அந்த வேன் கண்ணில் தெரிந்தது. முன்னால் கட்டிய பேனர், உள்ளே வெள்ளைச் சேலைகள், அந்த வீட்டு வாசலில் கண்ணை மூடி நிற்கிற கூட்டம்.

"தெரியாது பாஸ்டர்" என்றேன்.

"பின்மாற்றத்துல, பழைய வழிக்கே போயிட்டாங்களோ?" என்றார் மூப்பர், துக்கமாக.

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் நன்றாக இருக்கிறாள், நீங்கள் தராத வீட்டை அவளே தேடிக்கொண்டாள், மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அந்த ஆளின் முகத்துக்கு நேரே கத்த வேண்டும் போல இருந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். விழுங்கிய இடத்தில்தான் வேறொன்று தோன்றியது.

"போயிருக்கலாம் அங்கிள். நான் ஒண்ணும் கண்டேன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன். அப்படிப் போயிருந்தா, அவங்க சாட்சி நம்ம சேனல்ல இருக்கது சபைக்கு நல்லதா? யாராவது பாத்துட்டு, இவ இப்பவும் அங்கதானே இருக்கான்னு எழுதிட்டா?"

பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூப்பர், ஆமா, பேர் கெட்டுப்போகும் என்றார். நான் எத்தனை தடவை அழுது கேட்டும் நடக்காதது, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நடந்துவிட்டது. போனில் தேடித் தேடிப் பார்த்தேன். வீடியோ இல்லை. அவளைக் காப்பாற்றக் கேட்டபோது யாருக்கும் காது இல்லை, சபையின் பேருக்கு ஆபத்து என்றதும் உடனே காது கேட்டுவிட்டது. இதை நினைக்க நினைக்க இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் ஜெபக் குறிப்பில் அவளும் உண்டு. 'பின்மாற்றத்தில் போன சகோதரி.' போன வாரம் மூப்பர்தான் ஜெபித்தார். அவர் லைனில் கடைசி வீட்டு டூலெட் போர்டு இன்னும் கழற்றப்படவில்லை, வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முழங்கால் போட்டு, குரல் உடைய, "ஆண்டவரே, வழிதப்பிப் போன அந்த மகளுக்கு ஒரு நல்ல இடத்தைக் காட்டும், ஒரு அடைக்கலத்தைக் கொடும்" என்று கதறினார்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது, ஆத்திரத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த பாஸ்டரம்மா மெதுவாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்க சிஸ்டர்" என்றார். "திரும்பி வருவா."